ராகு காலத்தில் பாதி வந்த கார்

நாங்கள் கார் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. மாத்தளை டவுனைத் தாண்டி தம்புள்ளை ரோட்டில் இருக்கிற அந்தக் கார் கடைக்கு நானும் மருமகனும் காலை எட்டரைக்கே போய்விட்டோம். ஒன்பதரைக்குள் வண்டி கைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தான் தொடங்கும். ஒரு மணித்தியாலம் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். மடியில் ஒரு பையில் நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம்.

பத்து மணி ஆகியும் இன்சூரன்ஸ் கடதாசி வரவில்லை. பத்தேகாலுக்கு வீட்டிலிருந்து என் மனைவி போன் எடுத்தாள்.

"வெளிய எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. கடதாசி வரணுமாம்."

"பத்தரைக்கு முந்தி எடுங்க. இல்லாட்டி பன்னண்டுக்குப் பொறகு எடுங்க. நடுவுல எடுத்தீங்கன்னா நான் அதுல ஏறவே மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அவள். ஆனால் பன்னிரண்டு வரைக்கும் இருக்க முடியாது. எனக்கு அப்போதுதான் லைசென்ஸ் கிடைத்திருந்தது, டவுனுக்குள் ஓட்டிப் பழக்கமில்லை. எங்கள் ஊர் ரத்தோட்டை வரைக்கும் மருமகன்தான் ஓட்ட வேண்டும். அவர் வில்கமுவவில் வேலை பார்க்கிறவர். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

டை கட்டின விற்பனையாளரிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அங்கிள், முன் சக்கரம் ரெண்டும் கேட்டைத் தாண்டினா போதும். புறப்பட்ட மாதிரித்தான். எங்க ஆட்களும் அப்படித்தான் செய்வாங்க."

கடதாசி இல்லாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாதாம். அவரும் மருமகனும் வாசல் காவல்காரரும் சேர்ந்து தள்ளினார்கள். முன் சக்கரத்துக்குக் கீழே இரண்டு எலுமிச்சம்பழத்தை நான் வைத்தேன். பத்து இருபத்தெட்டுக்குப் பழம் நசுங்கியது. கார் முன்பாதி நடைபாதையிலும் பின்பாதி கடை வாசலுக்குள்ளும் நின்றது. கடதாசி வரும் வரைக்கும் அப்படியே நின்றது. குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு சிங்கள அம்மா சுற்றிப் போக வழியில்லாமல் ரோட்டில் இறங்கி நடந்தார். போகிற போக்கில், "காரை விக்கிறீங்களா, ரோட்டை விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பதினொன்றுக்குக் கடதாசி வந்தது. மிச்ச இரண்டு பழத்தைப் பின் சக்கரத்துக்கு வைத்து எடுத்தோம். வீட்டில், "பத்து இருபத்தெட்டுக்கு வெளிய வந்திருச்சி" என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அன்று மாலை விளக்கு வைத்துக் கும்பிடும்போது மனசுக்குள் ஏதோ இடறியது.

*

ரத்தோட்டையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. எட்டாம் வகுப்போடு மெசினில் உட்கார்ந்தவன், இன்னும் எழும்பவில்லை. கார் வாங்குகிற குடும்பம் இல்லை நாங்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டுக் காணியைக் கொடுத்துத்தான் வாங்கினோம். அதுவும் என் மனைவிக்காக.

மூன்று வருசத்துக்கு முந்தி, ஒரு மழை நாளில், மாத்தளையிலிருந்து அவள் வந்த பஸ் பள்ளத்தில் சரிந்தது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும்தான் முறிந்தது. பக்கத்து சீட்டில் இருந்து, இஞ்சி டொபி ஒன்று நீட்டி, எங்கே இறங்கணும் என்று கேட்டுக்கொண்டு வந்த அம்மா எழும்பவே இல்லை. எலும்பு கூடியது. அவள் மட்டும் பழையபடி ஆகவில்லை. அதற்குப் பிறகு கால் போகிற தூரம்தான் அவளுடைய ஊர். மகள் கல்யாணத்துக்குக்கூட மண்டபம் வேண்டாம், நடந்து போகிற கோயிலில் வைத்துத் தாலி கட்டட்டும் என்றாள். அப்படியே நடந்தது. மகள் புருஷனோடு வில்கமுவவுக்குப் போன பிறகு, போனில்தான் தாயும் மகளும்.

"நம்ம வண்டி, நீங்க ஓட்டுறது, மெதுவாப் போறதுன்னா ஏறிப் பார்க்கிறேன்" என்று ஒரு நாள் அவளாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காணியைக் கொடுத்தேன்.

ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ஹைபிரிட் கார் அது. பெற்றோலும் கொஞ்சம், பற்றரியும் கொஞ்சம். ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். முதல் நாள் என் மனைவி திடுக்கிட்டு, "யாரு?" என்றாள். "வணக்கம் சொல்லுது" என்றேன். அன்றிலிருந்து அந்தக் குரல் வந்ததும் இவளும் கையெடுத்துக் கும்பிடுவாள்.

முன் சீட்டில் உட்கார மாட்டாள். ரோட்டைப் பார்க்கப் பயம். பின் சீட்டில் இடது பக்க ஓரம்தான் அவள் இடம். அங்கே சீட்டோடு சேர்ந்தாற்போல, கை எட்டுகிற இடத்தில், கம்பி கம்பியாக ஒரு சின்ன ஜன்னல் மாதிரி இருந்தது. அதற்கு மேலே ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். எங்களுக்கு அது கோலம் மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையிலிருந்து அம்மன் கோயில் திருநீற்றை எடுத்து, நெற்றியில் வைத்துவிட்டு, ஒரு சிட்டிகையை அந்த ஜன்னலுக்குள் போடுவாள். உண்டியலில் போடுகிற மாதிரி. வெள்ளிக்கிழமை என்றால் குங்குமமும் இரண்டு பூவிதழும் சேரும். "தாயே, கூடவே வா" என்பாள். பிறகுதான் "எடுங்க" என்பாள்.

அது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் வாரம் கோயில் வரைக்கும். அடுத்த மாதம் மாத்தளை டவுன் வரைக்கும். ஒரு தடவை சிரித்துக்கொண்டு வந்தாள்.

*

மகள் உண்டாகி ஏழு மாதம் ஆகும்போது டாக்டர் படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார். பயணமே கூடாது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை வர முடியாது. அப்படியென்றால் தாய் போக வேண்டும். தம்புள்ளைப் பக்கமாகச் சுற்றிப் போகலாம், ஆனால் அது பெரிய பஸ்கள் பறக்கிற ரோட்டு. எதிரில் பஸ் வந்தாலே இவள் கண்ணை மூடிக்கொண்டு நடுங்குவாள். மலை வழியாக, ரிவர்ஸ்டன் ஏறி லக்கல பக்கம் இறங்கிப் போனால் பஸ் குறைவு. வளைவுகள்தான் அதிகம். இரண்டையும் யோசித்து மலை வழிதான் என்று அவளே சொன்னாள்.

பெட்டி கட்டி, இடித்த மாவு, மிளகுத் தூள் எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் மீட்டரில் ஒரு சிவப்பு முக்கோண விளக்கு பற்றியது. டிங் டிங் என்று சத்தம். மிதித்தாலும் வண்டி ஏறவில்லை. திருப்பி, உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.  அவள் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நான் பட்ட அலைச்சல்.

கார் கடைக்குப் பின்னாலேயே அவர்களுடைய சேர்விஸ் இடம். கண்ணாடி போட்ட அறையில் நாம் உட்கார வேண்டும். டிவியில் சிங்கள நாடகம் ஓடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம்முடைய வண்டியைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரை உள்ளே விட்டுவிட்டு நிற்கிற மாதிரித்தான் இருக்கும். உள்ளே போகக் கூடாது என்று மூன்று பாஷையிலும் எழுதியிருக்கும்.

முதல் தடவை கம்பியூட்டரை மாட்டிப் பார்த்து, விளக்கை அழித்துவிட்டு, "ஒன்றும் இல்லை அங்கிள், கொண்டு போங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. ஐந்தாம் நாள் விளக்கு திரும்பவும் வந்தது. இரண்டாவது தடவை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நன்றாகக் கழுவிக் கொடுத்தார்கள். முன்னால் வைத்திருந்த சந்தனம் குங்குமம் எல்லாம் கழுவப்பட்டுப் போயிருந்தது, விளக்கு மட்டும் போகவில்லை. மூன்றாவது தடவை, பற்றரியில்தான் கோளாறு போலிருக்கிறது, வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். மகளுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்தப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. காலையிலிருந்து என்னைப் போல பத்துப் பேருக்கு அதே முகத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, "பின்னால இருக்கிற பற்றரியாம்" என்றேன்.

என் மனைவி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "பின்னாலயா?"

"ஓம்."

"முன் சக்கரம்தானே நல்ல நேரத்துல வந்திச்சி. பின் சக்கரம் ராகு காலத்துலதானே வந்திச்சி."

மருமகன் அந்தக் கதையைச் சிரிப்புக்காக மகளிடம் சொல்லி, மகள் தாயிடம் சொல்லி, எல்லாம் எப்போதோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"பாதியைக் கொண்டு வந்துட்டு முழுசுன்னு சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று இரவு மகளோடு போனில், "உன் மாமியார் வரட்டும்மா, எனக்கு வரக் கிடைக்காது போல" என்று அவள் சொன்னது கேட்டது. மாமியாருக்கு முழங்கால் வலி, எங்கும் போக ஏலாது என்று அவளுக்கும் தெரியும்.

*

நான்காவது தடவை போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. மதியம் வேலை நின்றது. தொழுகைக்குப் பள்ளிவாசல் போனவர்கள் திரும்பி வந்தபோது, உள்ளே இருந்து தொப்பியைக் கழற்றி மடித்தபடி ஒருவர் என்னிடம் நேராக வந்தார். நரைத்த தாடி. அங்கே மூத்த மெக்கானிக் அவர்தான், எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். மாத்தளைக்காரர், தமிழில் பேசினார்.

"அண்ணன், மூணு தரம் வந்தீங்கன்னு கார்டுல இரிக்கி. ஒண்ணு செல்லுங்க. பின்னால யாரு உக்கார்ற?"

யாரும் கேட்காத கேள்வி. "என் சம்சாரம், நாநா" என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வாங்க."

உள்ளே போகக் கூடாது என்கிற பலகையைத் தாண்டி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பின் சீட்டின் ஓரத்தைக் கழற்றினார். அந்தச் சின்ன ஜன்னல் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு குழாய், அதற்குப் பின்னால் உருளை மாதிரி ஒரு காற்றாடி. அந்தக் காற்றாடியின் இதழ் இதழாகச் சாம்பல் அப்பி, ஈரத்தில் இறுகி, சுவர் பூசின மாதிரி இருந்தது. நடுவில் சிவப்பு. ஓரத்தில் கருகின பூவிதழ்கள்.

நான் குனிந்து ஒரு பூவிதழைக் கிள்ளி எடுத்தேன். 

"பற்றரி சூடாகும் அண்ணன். இதாலதான் காத்து இழுக்கிற. காத்துப் போற வழிய அடைச்சா அது மூச்சு முட்டி நின்டுரும். பற்றரி மௌத்தாகல்ல, உசிரோடதான் இரிக்கி, பயப்பட வேணாம்." ஸ்டிக்கரை விரலால் தட்டினார். "இதை மூட வேணாம்னுதான் எழுதி இரிக்கி. ஜப்பான்காரனுக்கு நம்மளத் தெரியுமா?"

பிறகு அவர் செய்ததை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். காற்று அடிக்கிற குழாயை எடுக்கப் போன ஒரு வேலையாளைக் கையால் நிறுத்தினார். ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் அந்தச் சாம்பலை மெல்ல மெல்ல அதில் இறக்கினார். கடைசி இதழ் வரைக்கும் எடுத்துவிட்டு, மடித்து என் கையில் வைத்தார்.

"இது நீங்க கும்பிட்டது. இங்க குப்பையில நான் எப்படிப் போட?"

பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. "அந்தக் குரல், ஸ்டார்ட் பண்ணும்போது, என்ன சொல்லுது நாநா?" என்றேன்.

"அதுவா? கார்டு போடல்லன்னு செல்லுது. அங்க ரோட்டுக்குக் காசு கட்டுற கார்டு. ஏன்?"

"இல்ல, சும்மா."

வேலைக் கார்டில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். வாசித்துச் சொன்னார்: காற்றுப் போகிற வழி அடைத்திருந்தது, சுத்தம் செய்யப்பட்டது. "பொய் இல்லையே?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

*

வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். சுத்தம் பண்ணிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். ராகு காலம்தான் காரணம், என் பிழைதான் என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும். நான் தாங்குவேன். ஆனால் அவள் போடுகிற திருநீறுதான் வண்டியை நிறுத்தியது என்று தெரிந்தால் அவள் எப்படித் தாங்குவாள்? துணைக்குக் கூப்பிட்ட தாயே வழியை மறித்தாள் என்று நினைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவளை எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது. எந்தக் கோயிலுக்கும் கூப்பிட முடியாது.

காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ராகு காலத்தில் வந்ததை இனிமேல் திருப்பி அனுப்ப முடியாது. அது பழி என்றால் வண்டி இருக்கும் வரைக்கும் பழிதான். அவள் ஏறப்போவதில்லை. சாம்பல் என்றால் எடுத்தாகிவிட்டது, உண்மையைச் சொன்னால் அவள் ஏற ஒரு வழியாவது உண்டு. எனக்கு எட்டின நியாயம் அவ்வளவுதான்.

அவள் தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

"என்னவாம்?"

"காத்துப் போற வழி அடைச்சிருந்திச்சாம்."

"எதால?"

கடதாசிப் பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தேன். அவள் குனிந்து பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான்தானா?"

"ரெண்டு பேரும்தான். வாரம் ஒரு தரம் தையல் மெசினைக் கழட்டி, பஞ்சும் தூசியும் எடுக்கிறவன் நான். அது அடைச்சா ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ போடும்போதெல்லாம் கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். யோசிக்கல்ல. நீ ஏறுறியேங்கிற சந்தோசத்துல யோசிக்கல்ல."

நாநா அதை எப்படி எடுத்தார், என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். அவள் பொட்டலத்தைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கால் படாத இடத்தில், செவ்வரத்தைப் பூச்செடிக்கு அடியில் கொட்டிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள்.

இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. சாமி படத்துக்கு விளக்கு மட்டும் தவறாமல் வைத்தாள். நான் மெசினில் உட்கார்ந்து யாருடையதோ பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலுக்கும் அம்மனைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் காலை அவள் பெட்டியைத் தூக்கி வந்து காருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இனி துன்னூறை எங்க வைக்கிறது?"

"உன் முந்தானையிலேயே இருக்கட்டும் புள்ள."

முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினாள். பின் சீட்டில்தான். இந்தத் தடவை வலது பக்கம், அந்த ஜன்னலை விட்டுத் தள்ளி. குரல் ஜப்பான் பாஷையில் பேசியது. அது என்ன சொல்கிறது என்று இன்றைக்கு வரைக்கும் நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கும்பிட்டாள்.

ஏற்றத்தில் விளக்கு வரவில்லை. வண்டி சத்தமில்லாமல் ஏறியது. ஆனால் முதல் பெரிய வளைவு தெரிந்ததும், "நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்தினேன். முடிந்தது என்று நினைத்தேன். கதவைத் திறந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளைவின் உள் ஓரமாக நடக்கத் தொடங்கினாள். நான் விளக்குகளை மினுக்கவிட்டபடி பின்னால் ஊர்ந்தேன். வளைவு முடிந்ததும் கதவைத் திறந்து ஏறினாள். "எடுங்க" என்றாள். அடுத்த வளைவிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். மேலே மழைத்தூறல், முன்னால் ஐந்தடிக்கு மேல் தெரியாத பனி. நனைந்த சேலையோடு அவள் முன்னே நடக்க, நான் அவளுடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் வந்த ஒரு வேன்காரர் தலையை நீட்டி, "அம்மாவோட சண்டையா?" என்று சிங்களத்தில் கேட்டார். "இல்லை, கோயிலுக்கு நேர்த்தி" என்றேன். மரியாதையாக ஒதுங்கிப் போனார்.

காலை ஆறு மணிக்கு எடுத்த வண்டி, அந்தப் பக்கம் காட்டு யானை ரோட்டுக்கு இறங்குகிற நேரத்துக்கு முந்தி, மூன்று மணிபோல மகள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு இடுப்பு கழன்று போயிருந்தது. மகள் படுக்கையை விட்டு எழும்பக் கூடாதவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிம்மா வந்தீங்க?"

"பாதி கார்ல, பாதி நடந்து" என்றாள் என் மனைவி. முந்தானை முடிச்சை அவிழ்த்து மகள் நெற்றியில் திருநீறு வைத்தாள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, காலுக்கு ஊற்றக் கொஞ்சம் சுடுதண்ணி கேட்டாள்.